மூங்கிலா நியானா, இஞ்சியா திராட்சையா: மழைக்கால கிறிஸ்துமஸுக்கு ஓர் ஒப்பீடு

கிறிஸ்துமஸ் அலங்காரம் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை பனி பெய்யும் ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ்நாட்டு டிசம்பர் வேறு. வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. புயல் வந்தாலும் வரும். 2023 டிசம்பர் 17, 18இல், பண்டிகைக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த அளவுக்கு எல்லா வருஷமும் பெய்யாது. ஆனால் டிசம்பர் முதல் தேதி வாசலில் ஏறி, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து இறங்கும் நட்சத்திரம் இடையில் நாலைந்து மழையாவது பார்த்துவிடும். அதனால் எதை வாங்குவது, எதைக் கட்டுவது என்று யோசிக்கும்போது அழகையும் விலையையும் விட ஈரமும் பழுதும்தான் முதலில் நிற்க வேண்டும். அந்தக் கணக்கில் மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டிய நட்சத்திரமும், குடிக்க இஞ்சி வைனும் என் கட்சி. எதிர்க்கட்சிக்கும் நல்ல காரணங்கள் உண்டு.

நட்சத்திரம்: மூன்று வகை

கடையில் தட்டையாக மடித்து விற்கும் அட்டை நட்சத்திரம் எல்லாருக்கும் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் விரித்துத் தொங்கவிடலாம், துளைகள் வழியே வெளிச்சம் அழகாக விழும். வராந்தாவுக்கு உள்ளே, மழைச் சாரல் எட்டாத இடத்தில் தொங்கவிட இதுவே போதும். சாரல் பட்டால் மடிப்பு ஓரங்கள் முதலில் ஊறிப் பிரியும். அடுத்த வருஷத்துக்கு மடித்து வைத்தால் அதே மடிப்பில் கிழியும்.

நியான் நட்சத்திரம், அதாவது இரும்புக் கம்பிச் சட்டத்தில் எல்.இ.டி. நியான் குழாயைச் சுற்றியது, இப்போது நாகர்கோவில் பக்கமும் சென்னையிலும் வீட்டுக்கு வீடு ஏறுகிறது. தெருவின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும் பளிச்சிடல், குறைந்த மின்சாரம், மழையில் நனைந்தாலும் குழாய்க்கு ஒன்றும் ஆகாத உறை என்று மூன்றும் உண்மையான வசதிகள். மாடி வீட்டின் உச்சியில், கூரையே இல்லாத இடத்தில் கட்ட வேண்டுமென்றால் இதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அதன் சிக்கல் பழுதுபார்ப்பு. குழாய் நனையலாம், அடாப்டர் நனையக் கூடாது. இரண்டும் சேரும் இணைப்பில்தான் ஈரம் புகும். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையில் சில்லுகளை மூன்று மூன்றாகத் தொடரில் கோத்திருப்பார்கள். ஒரு சில்லு போனால் அதனோடு சேர்ந்த மூன்றும் அணையும், நட்சத்திரத்தின் ஒரு கையில் பல் விழுந்த மாதிரி இருட்டு நிற்கும். சீரியல் செட் வகையில் ஒரு விளக்கு போனால் ஒரு வரிசையே போகும். சிலிக்கான் உறைக்குள் இருப்பதை வெட்டி ஒட்டுவது தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்கும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பெரும்பாலும் முழுவதையும் தூக்கிப் போடுவதில்தான் முடிகிறது. கடற்கரை ஊர்களில் கம்பிச் சட்டமும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். நல்ல தரமான நியான் நட்சத்திரம் எட்டு, பத்து வருஷம் தாங்குமா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அது நம் வீடுகளுக்கு வந்து காலமாகவில்லை. தாங்கினால் என் வாதம் அந்த அளவுக்கு வலு குறையும்.

மூங்கில் நட்சத்திரத்தில் போவது காகிதம் மட்டும். சட்டம் நிற்கும். வருஷா வருஷம் பழைய காகிதத்தை நனைத்து உரித்து, புதுக் காகிதம் ஒட்டினால் நட்சத்திரமும் புதிது. பிலிப்பைன்ஸில் 'பரோல்' என்று கட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் மூங்கிலும் மெல்லிய காகிதமும்தான். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நாடு அது, அங்கேயும் மூங்கிலில்தான் இது வேரூன்றியது.

கட்டும் கணக்கு

90 செ.மீ. அகல நட்சத்திரத்துக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள, கைப்பிடிக்கு அடங்காத பருமனான ஒரு மூங்கில் துண்டு போதும். அதை 90 செ.மீ. நீளம், 1.2 செ.மீ. அகலம், 4 மி.மீ. தடிமனுள்ள பிளாச்சுகளாகப் பிளந்தால் பதினொன்று கிடைக்கும். முன்பக்கத்துக்கு ஐந்து, பின்பக்கத்துக்கு ஐந்து. பதினொன்றாவதை 18 செ.மீ. வீதம் ஐந்தாக வெட்டினால் அவை முட்டுக் குச்சிகள். தடிமன் 6 மி.மீ.க்கு மேல் போனால் வளைக்கும்போது முறியும், 3 மி.மீ.க்குக் கீழே போனால் காகிதம் இழுக்கும் இழுப்புக்கே கோணிக்கொள்ளும்.

பிளந்ததும் கட்டிவிடக் கூடாது. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்காகத்தான் வண்டு துளைத்துப் பொடி கொட்டுகிறது. பிளாச்சுகளைப் பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றி, பிறகு நிழலில் உலர்த்தினால் அந்தச் சத்து பெருமளவு இறங்கிவிடும். ஊறவைத்த தண்ணீர் நாறும், அது நல்ல அறிகுறி. இதைச் செய்யாத சட்டம் மூன்றாம் வருஷம் கையில் எடுத்தால் ஒடியும். நவம்பர் தொடக்கத்திலேயே மூங்கிலை வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஐங்கோண நட்சத்திரம் கோணாமல் வர ஒரு அளவு போதும். ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 34.4 செ.மீ. தள்ளி ஒரு கோடு போடுங்கள். நடுவில் 21.2 செ.மீ. மிஞ்சும். ஐந்து பிளாச்சையும் நட்சத்திரமாக அடுக்கும்போது, எந்த இரண்டு பிளாச்சு குறுக்கே வெட்டினாலும் இரண்டின் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விழுந்துவிட்டால் கோணமானி தேவையில்லை. வேறு அளவில் கட்டினால் மொத்த நீளத்தை 0.382ஆல் பெருக்கினால் கோடு போடும் இடம் கிடைக்கும். 60 செ.மீ. என்றால் 22.9. பிளாச்சுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் அடுக்கினால் நட்சத்திரம் தட்டையாக உட்காராது.

இரண்டு நட்சத்திரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முதலில் ஐந்து முனைகளையும் இறுக்கிக் கட்டுங்கள். அதன் பிறகே நடுவில் குறுக்கு வெட்டும் ஐந்து இடங்களிலும் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே முட்டுக் குச்சிகளைச் செருகிக் கட்ட வேண்டும். வரிசை மாறினால் முனைகள் சேராது. செருகுவதற்கு முன் பிளாச்சின் மேல் ஈரத்துணியைச் சற்று நேரம் சுற்றி வைத்தால் முறியாமல் வளையும். கட்டுவதற்குக் கட்டுக்கம்பி வேண்டாம். துருப்பிடித்து காகிதத்தில் கறை இறக்கும். நைலான் நூலே நல்லது, கடலோரத்தில் வலை பின்னும் நூல் அதற்கென்றே செய்தது போல இருக்கும்.

காகிதம் 50 × 75 செ.மீ. அளவுள்ள பட்டக் காகிதம் நான்கு தாள் பிடிக்கும். முன், பின் முகங்கள் போக, முட்டுக் குச்சியிலிருந்து முனை வரை பக்கவாட்டில் பத்து முக்கோணங்கள் ஒட்ட வேண்டியிருப்பதைப் பலர் கணக்கில் விட்டு, கடைசியில் ஒரு தாள் குறைந்து கடைக்கு ஓடுவார்கள். பசைக்கு 100 கிராம் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் அரை லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போலப் பளபளக்கும் வரை காய்ச்சுங்கள். இறக்கியபின் அரைத் தேக்கரண்டி மயில்துத்தம் சேர்த்தால் கரப்பானும் பூஞ்சையும் அண்டாது. மயில்துத்தம் விஷம். சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், குழந்தைகள் பசையைத் தொடுவதாக இருந்தால் அதைச் சேர்க்கவே வேண்டாம். பசையைச் சட்டத்தில் தடவ வேண்டும், காகிதத்தில் அல்ல. காகிதத்தில் தடவினால் ஊறித் தொய்யும். ஒட்டிக் காய்ந்த பிறகும் கொஞ்சம் சுருக்கம் தெரிந்தால் வாயால் மெல்லிய தூற்றலாகத் தண்ணீர் ஊதி நிழலில் விடுங்கள், காயும்போது தானே மத்தளம் மாதிரி விறைக்கும்.

மழைக்கு முழு நட்சத்திரத்தையும் பாலித்தீனால் மூடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. பகல் சூட்டில் உள்ளே சேரும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து, பாலித்தீனின் உட்பக்கமே துளி துளியாக வியர்த்து, காகிதத்தை உள்ளிருந்து நனைக்கும். மேல் மூன்று கைகளுக்கு மட்டும் தொப்பி போலத் தெளிந்த பாலித்தீன் போட்டு, கீழ் இரண்டு கைகளையும் திறந்து விட்டால் நீரும் வடியும், காற்றும் போகும். எதிர்க்காற்றில் சாரல் அடிக்கும் வாசல் என்றால் இதுவும் போதாது. அங்கே காகிதத்துக்குப் பதில் குடைத்துணி கட்டலாம். வெளிச்சம் மங்கும், ஆனால் நனைந்தால் கெடாது.

விளக்குக்கு 5 முதல் 7 வாட் வரையிலான எல்.இ.டி. பல்பு. 40 வாட் குண்டு பல்பைப் போட்டால் 18 செ.மீ. ஆழமுள்ள கூட்டுக்குள் பல்பின் வயிற்றுக்கும் காகிதத்துக்கும் நடுவே 6 செ.மீ. இடைவெளிதான் மிஞ்சும். காற்றில் நட்சத்திரம் ஆடி பல்பு காகிதத்தில் சாய்ந்தால் கருகும். எல்.இ.டி.க்கும் அடிப்பகுதி சுடும், ஆகவே மேல் முனையருகே ஒரு விரல் அகலம், கீழே ஒரு விரல் அகலம் ஒட்டாமல் விடுங்கள். ஹோல்டர் மேலேயும் பல்பு கீழேயுமாகத் தொங்க வேண்டும். தலைகீழாக வைத்தால் ஹோல்டர் கிண்ணமாகி நீர் சேர்க்கும். வயரை வீட்டுக்குள் நுழைக்கும் முன் ஒரு முழம் கீழே தொய்யவிட்டு மறுபடி ஏற்றுங்கள், வயரில் ஓடி வரும் மழைநீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், சுவிட்சுக்குள் போகாது. வெளியே ஒட்டுப்போட்ட வயர் வேண்டவே வேண்டாம். வீட்டில் மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் நட்சத்திரம் அந்தச் சுற்றில் இருக்கட்டும்.

ஜனவரி 6 முடிந்ததும் காகிதத்தை அப்படியே விட்டு மச்சில் ஏற்றக் கூடாது. மைதா பசையைத் தேடி எலி வரும், மூங்கிலையும் சேர்த்துக் கடிக்கும். ஈரத்துணியால் ஒற்றி உரித்து, வெறும் சட்டத்தை வெயிலில் ஒரு நாள் போட்டு, படுக்கையாக அல்லாமல் ஆணியில் தொங்கவிட்டு வையுங்கள். அடுத்த டிசம்பரில் நூல் தளர்ந்த ஓரிரு கட்டுகளை மாற்றினால் போதும். பத்து வருஷம் வரும் என்பது தாராளமான எதிர்பார்ப்பு அல்ல.

குடிலுக்கு வந்தால் தேர்வு சுலபம். மதுரை விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் கைகளே கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்கின்றன. மண் பொம்மைக்கு மூக்கு நுனியும் ஆட்டுக்குட்டியின் காதும்தான் முதலில் உடையும். மரப்பசையால் ஒட்டி, வர்ணம் தொட்டால் தெரியாது. ரெசின் பொம்மை விழுந்தாலும் தாங்குகிறது, ஆனால் முகங்கள் நம் ஊர் முகங்களாக இருப்பதில்லை, எனக்கு அது பெரிய குறை. குடிலின் கூரைக்குத் தெர்மாகோல் வேண்டாம், பனை ஓலை போடுங்கள். மணப்பாட்டில் பெண்கள் பனை ஓலையில் செய்யும் கைவேலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓலை எவ்வளவு நுணுக்கமாக மடியும் என்று தெரியும். காய்ந்த ஓலை அடம்பிடிக்கும், மடிப்பதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தால் வழிக்கு வரும். வைக்கோல் பரப்பினால் அதற்குள் சூடாகும் பல்பு வைக்காதீர்கள்.

குடிக்க: திராட்சையா இஞ்சியா

வீட்டு வைன் என்றதும் நினைவுக்கு வருவது திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நிறமும் மணமும் அதற்கு ஈடில்லை. ஆனால் அதைப் புளிக்க வைப்பதில் மூன்று தடை. முதலாவது சட்டம். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்கென்று செய்தாலும். இரண்டாவது காலம். பீங்கான் ஜாடியில் மூன்று வாரமாவது கிடந்து, பிறகு தெளிய வேண்டும். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் நொதித்தல் வேகமாக ஓடுவதால் பழ மணம் பறந்துபோகும், காற்றுப் பட்டால் காடியாகும். அவசரத்தில் நொதித்து முடியும் முன்பே கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடினால் உள்ளே சேரும் வாயு பாட்டிலை வெடிக்க வைக்கும். மூன்றாவது, வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கும் மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கும் கொடுக்க முடியாது.

புளிக்காத திராட்சை ரசம் நல்ல நடுவழி. ஒரு கிலோ பழத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, கொதிக்க விடாமல் தோல் கழலும் வரை மட்டும் சூடாக்கி மத்தால் நசுக்கி வடிகட்டுங்கள். மிக்ஸியில் அடித்தால் விதை உடைந்து துவர்க்கும். குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள்தான் நல்லது. அடியில் கண்ணாடித் தூள் போல ஏதோ படிந்தால் பயப்பட வேண்டாம், அது திராட்சையிலேயே உள்ள டார்டாரிக் உப்பு.

இஞ்சி வைன் பெயரில்தான் வைன், மது கிடையாது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் மேசையில் கேக்கோடு நிற்கும் பானம், இன்று அந்த வட்டத்தைத் தாண்டிப் பரவிவிட்டது. ஒரே நாளில் செய்துவிடலாம், முறையாகச் செய்தால் ஜனவரி வரை கெடாது. அந்த 'முறை' என்பது சர்க்கரை அளவு. மூன்று லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சர்க்கரை என்ற வழக்கமான அளவில் செய்தால் அப்படியே குடிக்கச் சரியாக இருக்கும், ஆனால் வெளியே வைத்தால் சில நாளில் நுரைத்துப் புளிக்கும். எடையில் 65 சதவீதம் சர்க்கரை இருந்தால் சாதாரண ஈஸ்ட்டால் அதில் வளர முடியாது. எனவே கெட்டியான பாகாகச் செய்து வைத்து, வேண்டியபோது தண்ணீர் கலப்பதே சிறந்தது.

முற்றிய இஞ்சி அரை கிலோவைக் கழுவி, தோலோடு இடித்து, 1.75 லிட்டர் தண்ணீரில் பிசைந்து வடியுங்கள். சாறை அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். அதைக் கலக்காமல் மேல் தெளிவை மட்டும் சாய்த்து எடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனால் மாவு வெந்து பானம் கஞ்சி போலக் கலங்கும், எத்தனை முறை வடிகட்டினாலும் தெளியாது. தெளிவோடு பிழிந்த சக்கை, எட்டு மிளகாய் வற்றல், பத்து கிராம்பு, இரண்டு விரல் நீளப் பட்டை சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கட்டும். பின்னால் புளிப்பு சேர்ப்பதால் அலுமினியமோ ஈயம் பூசாத பித்தளையோ கூடாது. வடிகட்டும்போது துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். சாறு ஒரு லிட்டர் இருக்க வேண்டும், குறைந்தால் தண்ணீர் விட்டு நிரப்புங்கள், கூடினால் வற்ற விடுங்கள்.

நிறத்துக்கு 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் காபி நிறம் வரும் வரை உருக்க வேண்டும். கறுத்துப் புகைந்தால் கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி செய்வதே நல்லது. அதில் சூடான இஞ்சிச் சாறைக் கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள், குளிர்ந்த சாறை ஊற்றினால் மேலே தெறிக்கும். பிறகு மீதிச் சாறும் 1.75 கிலோ சர்க்கரையும். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருகிற சிட்ரிக் அமிலம் மொத்தம் 20 கிராம். அதில் ஒரு சிட்டிகையைக் கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள். அது சர்க்கரையில் ஒரு பங்கை உடைத்துவிடும், பாட்டில் அடியில் கற்கண்டு கட்டாது. மீதி இறக்கிய பிறகு. எலுமிச்சம் பழச்சாறு ருசியில் மேல், ஆனால் நீர் சேர்த்துச் சர்க்கரை விகிதத்தைக் குறைக்கும், கொதித்தால் கசக்கும். அதனால் பழச்சாறைப் பரிமாறும்போது டம்ளரில் பிழிவதே என் வழக்கம்.

இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பாகு கிடைக்கும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் பத்து லிட்டருக்கு மேல், அதாவது 100 மில்லி டம்ளரில் நூறு பேருக்கு. பாடல் பவனி வரும் குழுவுக்கு வெந்நீரில் கலந்து கொடுங்கள், மிளகாயின் உறைப்பு சூட்டில்தான் தொண்டைக்கு இறங்கும். மதிய விருந்துக்குக் குளிர்ந்த நீர். அதிக இனிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு உடன்குடிக் கருப்பட்டி கொஞ்சமாகப் போட்ட சுக்கு மல்லிக் காபி இருக்கிறது. செலவும் அதில்தான் மிகக் குறைவு. கருப்பட்டியை மட்டும் தனியே கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும், அடியில் மணல் இருக்கும்.

பாட்டில்களை வெந்நீரில் கழுவி முழுதாகக் காயவைத்து, பாகு ஆறியபின் ஊற்றுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் அடியில் ஆவி நீராகிப் பாகின் மேல் சொட்டும். மேலாக மிதக்கும் அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் சர்க்கரை குறைவு என்பதால் பூஞ்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.